பொறுத்தலும் அடக்கலும்

ஒரு மொழியில் பிறந்து வளர்ந்தவன் அம்மொழியின் சொற்களை ஆராய்ந்து பார்த்து வழங்குவதில்லை. தாய் வாயிற் கேட்டவாறே வழங்கிப் பழகிவிடுகிறான். வேறொரு மொழியைக் கற்கத் தொடங்கும்போதுதான், தான் நாள்தோறும் ஆண்டுவந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டிருந்தன என்பது அவனுக்குப் புலனாகிறது. பிறமொழிக் கல்வியின் பயன் உத்தியோகமும் வியாபாரமுமே என்று எண்ணுவார் பலர். தன் உள்ளத்தைத் தானே அளந்தறிய அஃது ஓர் அளவுகோலாகவும் ஆகும் என்பதை எண்ணுவார் சிலரே. இவ்வுண்மைக்குச் சான்றாகக் கொரிய நாட்டு மாணவர் ஆங்கிலத்தில் கற்கும் ஒரு சிறு வினைத்தொடரை ஈண்டு எடுத்துக்கொள்வோம். இலக்கணப் பாடத்தில் அத்தொடர் அரைப் பக்கத்திற்குமேல் இடம் பெறாது. ஆயினும் அதனைச் செவ்வையாகக் கற்க முயல்பவன் ஓர் அறக் கேள்வியின் முன் வந்து நிற்க வேண்டியவனாகிறான். தன்னைத் தான் அடக்குதல் எங்கே முடிகிறது, தனக்கு இழைக்கப்படும் அநீதியைச் சுமத்தல் எங்கே தொடங்குகிறது என்பதே அக்கேள்வி.

கொரியாவில் ஆங்கிலக் கல்வி நேற்றுத் தோன்றியதன்று. 1882-இல் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர், 1883-இல் மொழிபெயர்ப்பாளரைப் பயிற்றும் பொருட்டுத் தோங்முன்ஹக் என்னும் பள்ளியை அந்நாட்டு அரசாங்கமே நிறுவிற்று. தென் கொரியாவில் 1997 முதல் தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பாடமாயிற்று. ஆகவே அந்நாட்டுச் சிறுவர் சிறுமியர் என்றேனும் ஒரு நாள் 'ஹோல்ட் பேக்' என்னும் தொடரைச் சந்தித்தே தீர்வர். 'ஹோல்ட்' என்பது பிடித்தல். 'பேக்' என்பது பின்னே. முன்னே பாய்வதைப் பின்னே இழுத்துப் பிடித்தல் என்பது இரண்டும் கூடியவிடத்து வரும் பொருளாம். பெருகும் கண்ணீரை நிறுத்துதல், எழும் சிரிப்பை வாய்க்குள்ளேயே தடுத்தல், நாவின் நுனிக்கு வந்துவிட்ட சினச்சொல்லைத் திருப்பியனுப்புதல் ஆகிய யாவும் இத்தொடரால் குறிக்கப்படும்.

கொரிய மாணவனுக்கு இஃது எளிதில் வசப்படுவதில்லை. நம் தமிழிற் போலவே கொரிய மொழியிலும் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். உருபுகள் பெயரின் பின்னே ஒட்டும். ஒரு வினைக்குப் பின் சிறு சொல் ஒன்று வந்து நின்று அதன் பொருளையே வேறாக்கிவிடும் ஆங்கில வழக்கு அம்மொழிக்குப் புறம்பானது. ஆனால் இதைக் காட்டிலும் பெரிய இடர் ஒன்று உண்டு. அது சொல்லமைப்பைப் பற்றியதன்று, கருத்தைப் பற்றியது.

'சம்தா' என்று ஒரு கொரியச் சொல் உண்டு. குழந்தை முதல் கிழவர் வரை யாவர் வாயிலும் நாள்தோறும் வழங்குவது அது. கண்ணீரை அடக்குவதும் சம்தா. சிரிப்பை அடக்குவதும் சம்தா. கோபத்தை விழுங்குவதும் சம்தா. அம்மட்டோ? பல்வலியைத் தாங்குவதும் சம்தா. பசியைப் பொறுப்பதும் சம்தா. பிறர் செய்யும் அவமதிப்பைச் சகித்துக்கொள்வதும் சம்தா. இன்னுஞ் சற்று நேரம் காத்திருப்பதும் சம்தாவே. நம் மொழியிலும் 'பொறு' என்னும் சொல் வலியைத் தாங்குவதற்கும், காத்திருப்பதற்கும், பிழையை மன்னிப்பதற்கும் பொதுவாக வழங்குகிறது. எனினும் கண்ணீரைப் பொறுத்தான் என்று நாம் சொல்லுவதில்லை. அடக்கினான் என்றே சொல்லுகிறோம். கொரியரோ இரண்டிற்கும் ஒரே சொல்லை ஆளுகின்றனர்.

ஆங்கிலத்திற்கு வரும்போது இவ்வொரு சொல் உடைந்து பல துண்டுகளாகிறது. கண்ணீருக்கு 'ஹோல்ட் பேக்' பொருந்தும், பல்வலிக்குப் பொருந்தாது. வலிக்கும் அவமதிப்புக்கும் சுமத்தல், தாங்குதல் என்னும் பொருளுடைய வேறு வினைகள் வேண்டும். எந்த இடத்தில் எதை இடுவது என்று மாணவன் தடுமாறுகிறான். அவனுக்கு வழிகாட்டும் விதி ஒன்றுண்டு. அடக்கப்படும் பொருள் நம் உள்ளிருந்து புறப்பட்டு வெளியே பாய்வதாயின் அங்கே 'ஹோல்ட் பேக்' வரும். வெளியிலிருந்து வந்து நம்மேல் ஏறுவதாயின் வராது. ஆகவே அத்தொடரை எழுதுமுன் அவன், "நான் இப்போது பொறுப்பது என்னுள் எழுந்ததா, என்மேல் ஏற்றப்பட்டதா?" என்று ஒரு கணம் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இலக்கணத்தின் பொருட்டுக் கேட்ட கேள்விதான். எனினும் இக்கேள்வியைத் தம் வாழ்நாளில் ஒருமுறையும் கேளாமலே மாண்டவர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இதன் அருமை விளங்கும்.

இவ்வேற்றுமை ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று. கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கநூலின் ஏழாம் புத்தகத்தில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். இன்பத்தின் இழுப்புக்கு எதிராய் நிற்பது தன்னடக்கம். துன்பத்தின் தாக்குதலுக்கு எதிராய் நிற்பது தாங்கும் ஆற்றல். தாங்குகிறவன் தோற்காமல் நிற்கிறான், அடக்குகிறவன் வெல்லுகிறான், ஆதலின் அடக்கமே இரண்டினுள் மேலானதென்பது அவர் கருத்து. நம் திருக்குறளிலும் அடக்கமுடைமைக்கு 13-ஆம் அதிகாரமும் பொறையுடைமைக்கு 16-ஆம் அதிகாரமுமாக வெவ்வேறு இடங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன.

அங்ஙனமாயின் கொரிய மொழி குறையுடையது, கொரியர் இவ்வேற்றுமையை அறியாதவர் என்று சொல்லலாமோ? கூடாது. ஒரு மொழியில் ஒரு சொல் இல்லாமையைக் கண்டு அம்மக்கட்கு அவ்வறிவே இல்லையென முடிவு கட்டுவது அவசர புத்தியாகும். கொரிய மொழியில் 'ஸம்கதா' என்று பிறிதொரு சொல்லும் உண்டு. எண்ணிப் பார்த்து, வேண்டாமெனத் தானே விலகி நிற்றல் என்பது அதன் பொருள். கன்பூசிய நூல்களில் வரும் 'ஸிந்தொக்' என்னும் கொள்கை இச்சொல்லோடு உறவுடையது. தன்னைக் காண்பார் எவருமில்லாத தனிமையிலும் தன் எண்ணத்தின்மேல் தானே விழிப்பாயிருத்தல் என்பதே அக்கொள்கை. தோகே என்னும் சிறப்புப் பெயர் பெற்ற யி ஹ்வாங் (1501-1570) முதலிய கொரியப் பேரறிஞர் மன விழிப்பையே கல்வியின் அடிப்படையாக வைத்தனர். கண்காணிப்பவன் இல்லாதபோதும் நிற்கும் அடக்கமே உண்மையான அடக்கம் என்று உணர்ந்தவர்களை, அடக்கத்தின் இயல்பறியாதவர் என எங்ஙனம் கூறுவது?

குறை மொழியில் இல்லை. வீட்டிலும் வீதியிலும் எச்சொல் மிகுதியாக ஆளப்படுகிறது, எவர் எவரை நோக்கி ஆளுகின்றனர் என்பதிலேயே விஷயம் இருக்கிறது. சம்தா என்னும் சொல்லுக்கு நேராகக் கொரியர் கற்கும் சீன எழுத்தின் மேற்பகுதி கத்தியின் அலகு, கீழ்ப்பகுதி இதயம். இதயத்தின்மேல் கத்தி வைக்கப்பட்டதுபோல் அசையாதிருப்பதே பொறுமை என்று மக்கள் அதற்கு விளக்கம் கூறுவர். அவ்வெழுத்தை மூன்றுமுறை மனத்தில் எழுதினால் கொலையும் தவிரும் என்பது அந்நாட்டுப் பழமொழி. இப்பழமொழியை யாம் மதிக்கிறோம். சினம் தலைக்கேறிய கணத்தில் கையை ஓங்காமல் மூன்று மூச்சு நிற்பவன் இரண்டு உயிர்களைக் காக்கிறான். ஒன்று எதிரியினது, மற்றொன்று தன்னுடையது.

ஆனால் அதே நாட்டில் வேறொரு பழமொழியும் வழங்கிற்று. புக்ககம் செல்லும் பெண் மூன்றாண்டு செவிடியாகவும், மூன்றாண்டு குருடியாகவும், மூன்றாண்டு ஊமையாகவும் இருத்தல் வேண்டுமாம்! ஒன்பது ஆண்டுகள்! கண்டதைக் காணாதவள் போலவும், கேட்டதைக் கேளாதவள் போலவும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் இருக்க அவளுக்குப் போதிக்கப்பட்டதும் சம்தாதான். கொலையைத் தவிர்க்கும் பொறுமைக்கும், ஒரு பெண்ணின் வாயை ஒன்பதாண்டு அடைக்கும் பொறுமைக்கும் பெயர் ஒன்றே. பெயர் ஒன்றாயிருப்பதால் முன்னதற்குரிய புகழ் பின்னதற்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடிமைத்தனத்தைச் சுமப்பவளுக்கு 'உத்தமி' என்று பட்டம் சூட்டிவிட்டால், சுமையை இறக்கி வைக்க எவர் முன்வருவர்?

இதன் விளைவு வெறும் மனவருத்தத்தோடு நின்றதென்று எண்ண வேண்டா. 'ஹ்வாபியோங்' என்று ஒரு நோயைக் கொரியர் சொல்லுவர். நெருப்பு நோய் அல்லது சின நோய் என்று அதனை மொழிபெயர்க்கலாம். மார்பில் பாரம் ஏறியது போன்ற அழுத்தம், உடலில் எரிச்சல், உள்ளே கட்டி ஒன்று திரண்டு நிற்பது போன்ற உணர்ச்சி ஆகியவை அதன் குறிகள். நெடுங்காலம் அடக்கி வைத்த கோபமே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது; நடுவயதுப் பெண்டிரிடையே அது மிகுதியாகக் கூறப்பட்டது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலும், அந்தந்தச் சமூகத்திற்குச் சிறப்பாக உரிய நோய்நிலைகளைத் தொகுத்துக் கூறும் பகுதியில் இதனைக் குறிப்பிட்டது. வெளியே போக வழியில்லாத நெருப்பு வீட்டையே எரிப்பது இயல்பன்றோ!

இனி, பொறுமை முழுவதும் தீதென்று யாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. கொரியரின் தோற்றத்தைப் பற்றிய பழங்கதை ஒன்று இங்கே நோக்கத்தக்கது. 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி தொகுத்த 'ஸம்குக் யூஸா' என்னும் நூலில் அக்கதை காணப்படுகிறது. கரடியொன்றும் புலியொன்றும் மனிதராக விரும்பி, விண்ணிலிருந்து இறங்கிய ஹ்வானுங்கை வேண்டின. அவன் மாசிபத்திரியை ஒத்த ஒரு கைப்பான பூண்டையும் இருபது வெள்ளைப்பூண்டையும் கொடுத்து, அவற்றை உண்டு நூறு நாள் வெயிலைக் காணாதிருக்கும்படி கட்டளையிட்டான். புலியால் இயலவில்லை. கரடி நிலைத்து நின்றது. இருபத்தொரு நாளில் பெண்ணுருப் பெற்றது. அவள் வயிற்றிற் பிறந்தவனே கொரியரின் ஆதி அரசனாகிய தன்குன் என்பது கதை.

கதையைக் கதையாகவே கொள்வோம். கரடி பெண்ணாவது பகுத்தறிவுக்கு ஒத்ததன்று. ஆயினும் அதனுள் அமைந்த நீதியை நோக்குக. கரடி தானே விரும்பி அக்கட்டுப்பாட்டை மேற்கொண்டது. எதன்பொருட்டு என்பது அதற்குத் தெரியும். எத்தனை நாள் என்பதும் முன்னரே சொல்லப்பட்டது. புலி வெளியேற விரும்பியபோது அதனை எவரும் தடுக்கவில்லை. ஒன்பதாண்டு ஊமையாயிருந்த மருமகளுக்கு இவற்றுள் எது வாய்த்தது? கட்டுப்பாட்டை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் பயன் அவளைச் சேரவில்லை. வெளியேறும் வாயிலும் அவளுக்கு இல்லை. கரடியின் பொறுமையைப் புகழும் வாயால் மருமகளின் பொறுமையையும் புகழ்வது, நோன்பையும் பட்டினியையும் ஒன்றென்று சொல்வதற்கு ஒப்பாகும். இரண்டிலும் வயிறு காலிதான். ஆயின் ஒன்றில் உணவை மறுத்தவன் உண்ணாதவனே. மற்றொன்றில் மறுத்தவன் வேறொருவன்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். "ஒருவன் என்னை இழித்துப் பேசுகிறான். நான் வாளாயிருக்கிறேன். இதில் அவமதிப்பைத் தாங்குவதும் கோபத்தை அடக்குவதும் ஒருங்கே நிகழ்கின்றனவே! ஒரே செயலை இரண்டாகப் பிரிப்பது வீண் வாதமன்றோ?" என்பர். நல்ல தடையே. ஒரே கணத்தில் இரண்டும் கலந்திருப்பதனாற்றான் ஒரு மொழி அவற்றுக்கு ஒரே பெயரிட்டது. ஆனால் கலந்திருப்பவை யாவும் ஒன்றாகிவிடா. ஒரு முதலாளி பலர் முன்னிலையில் தன் குமாஸ்தாவை ஏசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். குமாஸ்தா திரும்ப ஏசாமல் நிற்கிறான், அஃது அடக்கம். மறுநாள் அமைதியாக எதிரே சென்று, "நீங்கள் பேசியது முறையன்று" என்று சொல்லுகிறான். இப்போது அவன் அடக்கத்தை இழந்தவனா? இல்லை. அவமதிப்பைச் சுமக்க மறுத்தான்; சினத்தை அடக்கவும் செய்தான். ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் கைக்கொள்ள முடியுமாயின் அவை இரண்டென்பது தெளிவு. சினத்தை அடக்கியவனே தன் நியாயத்தைத் தெளிவாக எடுத்துரைக்க வல்லவன் என்பதும் இதனால் பெறப்படும்.

தனி மனிதனுக்கு இயலும் இது ஒரு தேசத்திற்கும் இயலுமோ எனின், கொரியாவின் சரித்திரமே விடை கூறும். 1910-இல் ஜப்பான் அந்நாட்டைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டது. 1919 மார்ச் 1-ஆம் நாள் 33 பேர் ஒப்பமிட்ட சுதந்தரப் பிரகடனம் ஸியோல் நகரில் வெளியிடப்பட்டது. ஒப்பமிட்டவருள் சொன்தோ நெறியினர், கிறிஸ்தவர், பௌத்தர் ஆகிய முத்திறத்தாரும் இருந்தனர். கூடியிருந்த தலைவர்கள் ஓடி ஒளியவில்லை. தாமே காவலருக்குச் செய்தியனுப்பிக் கைதாகினர். பிரகடனத்தின் இறுதியிற் சேர்க்கப்பட்ட மூன்று உறுதிமொழிகள், பிறரை வெறுக்கும் உணர்ச்சிக்கு இடந்தராமல் ஒழுங்கோடு நடக்குமாறு மக்களை வேண்டின. சில இடங்களில் மக்கள் திருப்பித் தாக்கியதும் உண்டு. எனினும் பெரும்பான்மையோர் வெறுங்கையராய் முழக்கமிட்டே நடந்தனர். ஆட்சியாளரோ துப்பாக்கியால் விடை கூறினர். ஏப்ரல் 15-ஆம் நாள் ஜெயாம்ரி என்னும் சிற்றூரில் மக்களைக் கிறிஸ்தவக் கோயிலுக்குள் அடைத்துச் சுட்டுக் கட்டடத்திற்கும் தீயிட்டனர்.

அன்று வீதியில் நடந்தவர் செய்தது பொறுத்தலா, பொறாமல் எழுதலா? அந்நிய ஆட்சியை இனிச் சுமக்க மாட்டோம் என்றனர். ஆயினும் கையை அடக்கினர். சம்தா என்னும் ஒரே சொல் அன்று அவர்கள் கண்முன்னே இரண்டாகப் பிளந்தது எனலாம். ஒரு பாதியைத் தூக்கியெறிந்தனர். மறு பாதியை இறுகப் பற்றினர். ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின்னர், 2016-ஆம் ஆண்டின் இறுதியில், பெருந்திரளான மக்கள் வாரந்தோறும் மெழுகுவர்த்தி ஏந்தி அதே நகர வீதிகளில் அமைதியாகக் கூடித் தங்கள் ஜனாதிபதி பதவி விலக வேண்டுமென்றனர். 2017 மார்ச் 10-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியினின்று நீக்கிற்று. கல்லெறியாமை வேறு, வாய்மூடியிருத்தல் வேறு என்பதற்கு இவற்றினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஆங்கிலத் தொடரைக் கற்றமாத்திரத்தில் ஞானம் பிறந்துவிடும் என்று மயங்குதலும் தகாது. ஆங்கிலத்திற்கும் தனக்கென ஒரு மறைவிடம் உண்டு. தொழிலாளிக்குரிய கூலியைக் கொடாமல் பிடித்து வைப்பதும் 'ஹோல்ட் பேக்'. சொல்ல வேண்டிய உண்மையை ஒளித்து வைப்பதும் 'ஹோல்ட் பேக்'. முன்னேற முயல்பவனைத் தடுத்து நிறுத்துவதும் 'ஹோல்ட் பேக்' தான். தன்னை அடக்குபவனுக்கும் பிறனை அமுக்குபவனுக்கும் ஆங்கிலம் ஒரே வினையைக் கொடுத்திருக்கிறது. 1948-இல் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசாங்கம் கூலி உயர்வு கேளாதிருக்குமாறு தொழிலாளரை வேண்டியபோது அதற்கிட்ட பெயரும் அடக்கம் என்பதே. போருக்குப் பிந்திய அந்நெருக்கடியில் அதற்கு நியாயம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அடக்கம் என்னும் பெயரைக் கேட்டவுடன் தலைவணங்காமல், அடக்கப்படுவது எவருடைய பங்கு, அதனால் மிஞ்சுவது எவருடைய பையில் விழுகிறது என்று ஆராயும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

ஆங்கிலத்தில் விலகியிருத்தலைக் குறிக்கும் 'ரிஃப்ரெயின்' என்னும் சொல் கடிவாளம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. பொருத்தமான உவமை! குதிரை நிற்பதைக் கண்டமட்டில் அதன் அடக்கத்தைப் புகழ்வது பேதைமை. கடிவாளம் எவர் கையில் இருக்கிறது என்பதையன்றோ முதலிற் பார்க்க வேண்டும்? தன் வாயையும் கையையும் தன் அறிவு இழுத்து நிறுத்துமாயின் அது மனிதனுக்கு அணிகலன். அச்சம் இழுத்து நிறுத்துமாயின், அல்லது வழக்கமும் மாமியாரும் எசமானும் இழுத்து நிறுத்துவராயின், அதற்கு அடக்கம் என்று பெயரிடுவது சொல்லுக்கே செய்யும் துரோகமாகும்.

ஆகவே ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், அத்தொடருக்கு நேரே தாய்மொழிச் சொல் ஒன்றை எழுதிவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வாராயின், மாணவன் கையில் கிடைத்த பெரும்பொருளைத் தட்டிவிட்டவராவார். எவன் அடக்குகிறான், எதை அடக்குகிறான், எதன்பொருட்டு, எதுவரை என்று நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக்குவாராயின், இலக்கணத்தோடு ஒழுக்கமும் சேர்ந்து கற்பிக்கப்படும். இது கொரியருக்கு மட்டும் உரிய பாடமன்று. எந்நாட்டுப் பெற்றோரும், அடிபட்டு அழுது வரும் பிள்ளையிடம் 'பொறுத்துக்கொள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. அவ்வொரு சொல்லை இரண்டாகப் பிரித்துச் சொல்வோமாக: "உன் கையை அடக்கிக்கொள், ஆனால் உன்னை அடித்தவன் எவன், ஏன் அடித்தான் என்பதை அஞ்சாமல் சொல்." முதற் பாதியை மட்டும் கற்ற பிள்ளை அடிமையாகும், இரண்டாம் பாதியை மட்டும் கற்ற பிள்ளை முரடனாகும். இரண்டையும் கற்ற பிள்ளையே மனிதனாகும்.